நானூற்றுப் பன்னிரண்டு பாசிப் பொட்டலங்கள்

கொட்டகலைக் கடைத்தெருவில் இருபது வருஷம் பெட்டிஷன் எழுதிப் பிழைத்தவன் நான். பெயர் இக்னேசியஸ், தோட்டத்துச் சனத்துக்கு இன்னாசி. நான் எழுதிக் கொடுத்து நன்றாகப் போனவர்களும் உண்டு, ஒன்றுமாகாமல் போனவர்களும் உண்டு. ஒன்றுமாகாமல் போனதற்கெல்லாம் அரசாங்கத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கிறேன். மூக்கன் விஷயத்தில் மட்டும் அப்படிப் போக முடியவில்லை. அதில் என் கையும் இருந்தது. அதனால்தான் இதை நானே எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் இரக்கப்பட்டு என்னை நல்லவனாக்கிவிடுவார்கள்.

மூக்கன் ஊத்துமலைத் தோட்டத்துக் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்கிற வேலை. ஒல்லியான ஆள், வாய் பேசுவது குறைவு, இடது மூக்கில் குழந்தையில் குத்திய துளை தூர்ந்துபோய் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்கு ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அவனுக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்திருந்தான். சிவசாமி என்று பெயர் வைத்து, தோட்டத்து ஆபீசான கந்தோரில் பதிந்து, பிறப்புச் சான்றிதழும் வாங்கி வைத்தார்கள். மூன்று வயதில் அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டது. தோட்டத்து டாக்டரிடம் சொன்னால் வரிசை வீடான லயத்தையே அடைத்துவிடுவார்கள், ஒருத்தரும் வேலைக்குப் போக முடியாது என்று பயந்து மறைத்தார்கள். மறைத்த அம்மைக்கு மறைத்த சாவு. நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் மலைக்கு மேலே புதைத்துவிட்டு வந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

மறு வருஷம் இவன் பிறந்தான். முன்பிள்ளை செத்த வீட்டில் பின்பிள்ளைக்கு மூக்கைக் குத்தி, மூக்கன் என்றோ குப்பன் என்றோ மட்டமாக ஒரு பெயர் வைத்தால் எமன் சீந்த மாட்டான் என்பது எங்கள் சனத்தின் வழக்கம். தாய் காளியாயி அதற்கும் ஒரு படி மேலே போனாள். இந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஏற்ற வேண்டிய அவசியமும் வரவில்லை. தோட்டத்துப் புத்தகத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து அறைக்கு, அந்தக் காம்பராவுக்கு, ஒரு ஆண்பிள்ளை. காம்பராவிலும் ஒரு ஆண்பிள்ளை. யார் கேட்கப் போகிறார்கள்? எட்டு வயதில் அவனைக் காலைப் பெரட்டுக்கு இழுத்துப்போய் ஆள் கூப்பிடுகிற வரிசையில் நிறுத்தியபோது, பன்னிரண்டு வயதுச் சிவசாமி என்று செக்ரோல் என்கிற ஆள் கணக்கில் பதிந்தார்கள்.

கொழும்பில் இருந்து படிக்கிறவர்களுக்கு இது பெரிய மோசடியாகத் தெரியும். எங்களுக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வது போலத்தான் இதுவும். அந்தக் காலத்தில் லயத்துக்கு நாலு பேர் இப்படி வேறு பெயரில் வேலைக்குப் போனார்கள். பெரட்டில் ஒரு பெயருக்கு 'ஐயா' என்பார்கள், வீட்டில் இன்னொரு பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்கள்.

1948இல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருஷம், பாட்டன் காலத்தில் கடல் தாண்டி வந்த எங்கள் சனத்தின் பிரஜாவுரிமை போனது. அடுத்த வருஷமே, வேண்டுமானால் மனுப் போட்டுப் பதிந்துகொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். இத்தனை வருஷம் தொடர்ந்து இங்கேதான் இருந்தேன் என்று காகிதத்தால் நிரூபிக்க வேண்டும். 1951இல் மூக்கனுக்கும் மனைவி அழகம்மாவுக்கும் நான்தான் மனு எழுதினேன். பிறப்புச் சான்றிதழ், செக்ரோல், கலியாணப் பதிவு எல்லாம் சிவசாமி பெயரில் கச்சிதமாக இருந்தன. இவ்வளவு சுத்தமான கேஸ் எனக்கு வருஷத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிகம். மனு போனது, போன இடத்தில் பத்து வருஷம் தூங்கியது.

இதற்கு நடுவில் 1954இல் ஒரு நாள் கொழும்புச் சர்வகலாசாலையிலிருந்து விமலரத்ன என்கிற விரிவுரையாளர் ரயிலில் வந்து இறங்கினார். பாசி படிக்கிறவர். பாசியைப் படிக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் கடைத்தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அன்று மூக்கன் வெட்டிய செடிகளில் பாசி உரித்துக்கொண்டிருந்தான். கவ்வாத்து முடிந்ததும் கிளையில் படிந்த பாசியை உரித்துப்போடாவிட்டால் துளிர் வராது. அவன் உரித்துப் போட, பின்னாலேயே விமலரத்ன குனிந்து குனிந்து பொறுக்கினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூக்கன் பொறுக்க மாட்டாமல் சொன்னான்:

"ஐயா, ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க. அது வேற, இது வேற. இது வெயில் பட்டா சுருண்டுக்கும், தண்ணி தெளிச்சா விரியும். அது அப்பிடியே கெடக்கும். மேல காட்டோரத்துல இன்னொரு சாதி இருக்குங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருவது வருஷமா உரிக்கிறேனுங்களே."

அவர் தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார், மூக்கனும் அப்படியே பதில் சொல்வான். அன்று பின்னேரம் அவர் அவனுக்கு ஒரு முறை காட்டிக் கொடுத்தார். பழைய பத்திரிகைத் தாளை மடித்துப் பொட்டலமாக்க வேண்டும். காயவைத்த பாசியை உள்ளே வைத்து, மேலே எந்த இடம், மரமா கல்லா, என்ன தேதி, எடுத்தது யார் என்று எழுத வேண்டும். எடுத்தவன் பெயர் இல்லாத பொட்டலம் குப்பைக்குத்தான் போகும் என்றார்.

"எந்தப் பேருங்க எழுதறது?" என்று கேட்டிருக்கிறான் மூக்கன்.

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "உன் அம்மா உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவா?" என்று கேட்டார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவன் அவன். அன்றைக்கு, இருபத்தேழு வயதில், தன் பெயரை முதன்முதலாக ஒரு காகிதத்தில் எழுதினான். மறுநாள் என் கடைக்கு வந்து, "அண்ணே, மூக்கன்னு எழுதுறப்போ 'க்' போடணும்ல?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போனான். எதற்குக் கேட்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏழு வருஷம் அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போக, இவன் மேல்மலைக் காட்டில் கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பான். "பொண்டாட்டிக்கு ஒரு மொழம் பூ வாங்கியாரத் தெரியாது, ஐயாவுக்கு மூட்ட மூட்டயா பாசி அனுப்பத் தெரியும்" என்று அழகம்மா வம்புக்கு இழுப்பாள். ஆனால் லயத்து அடுப்புக்கு மேலே பரண் கட்டி, பாசி நனையாமல் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

1961இல் கண்டிப் பக்கம் சர்வகலாசாலையில் விஞ்ஞானத்துக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். விமலரத்ன அங்கே மாறி வந்தார். வந்த கையோடு மூக்கனைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு அறை முழுக்க அலமாரி. அதில் ஒரு அலமாரி மூக்கனுடையது. நானூற்றுப் பன்னிரண்டு பொட்டலம், ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்து. அந்த அறையைக் கவனித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், நிரந்தர உத்தியோகம், இருக்க வீடு, பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். உன்னைத்தான் கேட்கப் போகிறேன் என்றார். ஆனால் அரசாங்கச் சம்பளம், பிரஜாவுரிமை இல்லாமல் எடுக்க முடியாது.

அந்த வேலைக்கு அவன் ஆசைப்பட்ட மாதிரி ஒருவன் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. மகள் மீனம்மாவுக்குப் பத்து வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி, அடுத்தது கொழுந்துக்கூடைதான். "அவ கூடைய எடுக்குறதுக்குள்ள நான் இங்கருந்து வெளிய போயிரணும்ண்ணே" என்றான். பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் பிறந்தவன், அதே காம்பராவில் கலியாணம் கட்டியவன், அதே காம்பராவில் சாகப் போகிறோம் என்று முப்பத்து நாலு வயதுவரை நம்பியிருந்தவன். அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்தக் காம்பராவில் அவனுக்கு மூச்சு முட்டியது. ராத்திரி வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று அழகம்மா என்னிடம் சொல்லி அழுதாள்.

அந்த நேரம் பார்த்து, தூங்கிய மனுவுக்கு விசாரணை நோட்டீஸ் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா போயிருந்தாலே வென்றிருப்போம். நான்தான் புத்திசாலியாயிற்றே! சர்வகலாசாலையில் இருந்து ஒரு நற்சாட்சிக் கடிதம் வைத்தால் கேஸ் இரும்பாகிவிடும் என்று விமலரத்னவுக்கு எழுதிப் போட்டேன்.

கடிதம் வந்தது. இங்கிலீஷில் இரண்டு பக்கம், தலைப்பில் முத்திரை. என் கடை வாங்குப் பலகையில் மூக்கனையும் அழகம்மாவையும் உட்காரவைத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முதல் பக்கத்தில் அவன் கண் எவ்வளவு கூர்மை, எத்தனை பாசிகள் அவனால் முதன்முதல் பதிவாயின என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் அவனுடைய வாழ்க்கை. ஏழு வருஷத்தில் அவன் பேச்சுவாக்கில் சொன்னதையெல்லாம் அந்த மனிதர் பாசியைக் குறிப்பது போலவே ஒன்று விடாமல் குறித்து வைத்திருக்கிறார். இன்ன லயத்தில் பிறந்தான், மூத்தவன் சிவசாமி மூன்று வயதில் அம்மையில் இறந்ததால் இவனுக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயரிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அண்ணன் பெயரைக் கேட்டதும் மூக்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நம் வீட்டுச் சாவைக்கூட ஒரு பெரிய மனிதர் இங்கிலீஷில் எழுதியிருக்கிறாரே என்று நான் அந்த வரியை மறுபடி வாசித்தேன்.

மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. காலம் காலமாகப் பழகிப்போன விஷயம் கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் தெரிவதில்லை. ஊசி குத்தி, கோப்பில் சேர்த்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விசாரணை ஹட்டனில் நடந்தது. விசாரித்தவர் கெட்ட மனிதர் அல்ல. செக்ரோலைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கடைசியாகக் கடிதத்தை எடுத்தார். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"சிவசாமி மூணு வயசில செத்துப்போனதா இதில இருக்கு. அப்படியென்றால் நீ யார்?"

மூக்கன் என்னைப் பார்த்தான்.

"ஐயா, அது வந்து, எழுதினவங்க பேர மாத்தி எழுதிட்டாங்க. செத்தது தம்பிங்க. தம்பி பேருதாங்க மூக்கன், இவரு சிவசாமி" என்று வாய்க்கு வந்ததை உளறினேன்.

அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் பேனாவை மூடி வைத்தார். "ஒரு மாசம் தருகிறேன். எழுதியவரே பிழை என்று எழுதித் தரட்டும். தந்தால் கேஸ் சரி. இல்லாவிட்டால் பொய் மனு, நாலு பேருக்கும் கிடையாது."

மறுநாளே ரயிலேறினோம். சர்வகலாசாலையை நான் அன்றுதான் பார்த்தேன். நிழல் மரம், மண்டபங்கள், புத்தகம் கையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிப் போகிற பிள்ளைகள். இந்த நாட்டின் பழைய சரித்திரத்தைத் தோண்டி எழுதுகிறவர்கள், நாடகம் எழுதி மேடையேற்றுகிறவர்கள், நோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாளைக்கு இந்த நாடு தன்னைப் பற்றி என்ன நினைக்கப் போகிறது என்பதை அங்கேதான் எழுதுகிறார்கள். அதில் எங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று யாரையாவது பிடித்துக் கேட்கத் தோன்றியது. எனக்குத் தெரிந்து இருந்தது அந்த ஒரு அலமாரிதான்.

விஷயத்தைக் கேட்டதும் விமலரத்ன நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் உண்மையைத்தானே எழுதினேன்" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு தாளை எடுத்தார்.

"எழுதுகிறேன். இறந்தது தம்பி மூக்கன், உயிரோடு இருப்பது சிவசாமி. நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று எழுதுகிறேன். ஆனால் மூக்கன், ஒன்று யோசி. இந்த அறையில் உன் கையால் எழுதின நானூறு பொட்டலம் இருக்கிறது. மூக்கன் போன வருஷம்வரை உயிரோடு இருந்தான் என்று ஒவ்வொன்றும் சொல்லும். நீ சிவசாமி என்று இங்கே வேலைக்கு வந்தால் ஒரு நாள் யாராவது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பிரஜாவுரிமையை ரத்து செய்வார்கள். உன் பிள்ளைகளுடையதையும்."

"அப்ப இந்தப் பொட்டலத்தையெல்லாம் கொளுத்திடுங்க ஐயா!" நான் கத்தியே விட்டேன். "வெறும் பாசிதானே? மறுபடி சேத்துக்கலாம். ஆளு முக்கியமில்லையா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது என் சொத்து இல்லை, இக்னேசியஸ். சர்வகலாசாலையினுடையது. நூறு வருஷம் கழித்து வருகிறவன் பார்க்க வேண்டியது. மேல்மலைக் காட்டை வெட்டிவிட்டால் அங்கே என்ன இருந்தது என்று சொல்ல இது ஒன்றுதான் இருக்கும்."

நூறு வருஷம் கழித்து வருகிறவனுக்காக இவ்வளவு கவலைப்படுகிறவர், இதோ எதிரில் நிற்கிறவனை என்ன செய்யப் போகிறார்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அலமாரியை நானே தள்ளிவிட்டிருப்பேன். அவர் சொன்னது சரி என்பதுதான் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. இன்றைக்கும் எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் தீரவில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

எங்கள் இரண்டு பேரையும் மூக்கன் கவனிக்கவே இல்லை. அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, மேலே இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"கொளுத்த வேணாம்ண்ணே" என்றான். "ஐயா, நீங்க கடுதாசிய எழுதுங்க."

"வேலை?"

"வேல வேணாங்க. புள்ளைங்களுக்குக் காயிதம் கெடைக்கட்டும்."

திரும்பி வருகிற ரயிலில் அவன், நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னலை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

1962இல் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வந்தது. சிவசாமி, மனைவி, பிள்ளைகள் இரண்டு. லயத்தில் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். அன்றைக்கே மூக்கன் ஒவ்வொரு காம்பராவாகப் போய், இனிமேல் தன்னைச் சிவசாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டான். அழகம்மாவுக்கும் அதே உத்தரவு. "புருஷன் பேரச் சொல்லக் கூடாதும்பாங்க. எனக்கு இப்ப சொல்லக்கூடாத பேரு ரெண்டு" என்று சிரித்தாள். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அப்புறம் அழுதாள்.

பாசி சேர்ப்பதை அவன் விட்டுவிட்டான். பரணைப் பிரித்து விறகாக்கினான். கவ்வாத்து மலையில் பாசியை உரித்துக் காலால் தள்ளிவிட்டுப் போனான். மீனம்மா ஐந்தாம் வகுப்பு முடித்து, கூடையை எடுத்தாள். காகிதம் கிடைத்துவிட்டதே, இனி எங்கே வேண்டுமானாலும் போகலாமே என்று நான் ஒருநாள் அசட்டுத்தனமாகச் சொன்னேன். "எங்க போக? யாராவது கேட்டா யாருன்னு சொல்ல?" என்றான்.

1964 கடைசியில் இந்த நாட்டு அரசாங்கமும் கடலுக்கு அந்தப் பக்கத்து அரசாங்கமும் உட்கார்ந்து, காகிதம் இல்லாத எங்கள் சனத்தைப் பங்கு பிரித்து ஒப்பந்தம் போட்டன. இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே. யார் யார் கப்பல் ஏற வேண்டும் என்று லயமெல்லாம் ஒரே பேச்சு. சிவசாமியின் தகரப்பெட்டியில் இருந்த அந்த ஒற்றைத் தாளைப் பார்த்துத் தோட்டமே பெருமூச்சு விட்டது.

அந்த டிசம்பரில் விமலரத்ன ஆறேழு மாணவர்களோடு வந்தார். மலையைக் காட்டத்தான் கூட்டி வருவதாக எனக்கு எழுதியிருந்தார். நான் வழிகாட்டிப் போனேன். அவருக்கு வயதாகிவிட்டது, மேட்டில் மூச்சு வாங்கப் பின்தங்கினார். மாணவர்கள் முன்னால் ஓடினார்கள். கவ்வாத்து மலையில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி, கண்ணாடி போட்டவள், அச்சடித்த ஒரு பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஒல்லியான ஒரு ஆளிடம் போனாள். நான் கூப்பிடுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"ஐயா, இஞ்ச மூக்கன் எண்டு ஒருத்தர் இருக்கிறாரோ? இதில நாப்பத்தொரு பாசிக்குக் கீழ அவற்றை பேர்தான் கிடக்கு. நாங்கள் எல்லாரும் அவர் சேர்த்ததை வைச்சுத்தான் படிக்கிறம். அவரை ஒருக்கா பார்க்க வேணும்."

அவன் அந்தத் தாளை எட்டிப் பார்த்தான். கண்டாக்குவைப் பார்த்தான். கத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அது என் தம்பிங்கம்மா" என்றான். "செத்துப் போயிட்டான்."

"ஐயோ. எப்ப?"

"ரெண்டு வருஷமாச்சுங்க."

விமலரத்ன அப்போதுதான் மேலே வந்து சேர்ந்தார். அந்தப் பிள்ளை அவரிடம் திரும்பி, "சேர், அவர் மோசம் போயிட்டாராம்" என்றாள். பிறகு பென்சிலை எடுத்து, பட்டியலில் மூக்கன் என்று அச்சடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் 'காலமானார், 1962' என்று எழுதிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அவன் குனிந்து அடுத்த செடியில் கத்தியை வைத்தான்.